மலைச்சாலையில் நெடுந்தூர சைக்கிள்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

சமவெளியில் அலட்டிக்கொள்ளாமல் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள்கூட மலையில் நாற்பதாவது கிலோமீட்டரிலேயே சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிடுவதுண்டு. பெரும்பாலும் காலில் வலு இல்லாததால் அப்படி ஆவதில்லை. முதல் ஏற்றத்திலேயே கையிருப்பு முழுவதையும் செலவழித்துவிடுகிறார்கள். மலையில் நாள் முழுக்க ஓட்ட வேண்டுமானால், முதலில் பழக வேண்டியது மிச்சம் பிடித்து ஓட்டுவது. கால், வயிறு, பிரேக், உடம்புச் சூடு, பகல் வெளிச்சம் என எல்லாவற்றிலும் எந்த நேரத்திலும் கொஞ்சம் மீதி இருக்க வேண்டும். அந்த மீதியை எங்கே, எப்படிச் சேர்ப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: கியரைச் சிறிதாக்குங்கள்

வண்டி வாங்கப் போகிறவர்கள் சட்டகத்தின் எடையைப் பற்றி அரை மணி நேரம் விசாரிக்கிறார்கள். கியரில் எத்தனை பல் என்று கேட்பவர்கள் குறைவு. மலைக்குப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆள், வண்டி, சுமை எல்லாம் சேர்ந்து 85 கிலோ. புதியவர் ஒருவர் மூச்சு முட்டாமல் மணிக்கணக்கில் தரக்கூடிய ஆற்றல் 130 வாட் என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீத ஏற்றத்தில், அதாவது 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயரும் சாலையில், இந்த ஆற்றலுக்குக் கிடைக்கும் வேகம் மணிக்குச் சுமார் 6.5 கி.மீ. மட்டுமே. பல ரோடு பைக்குகளில் இருக்கும் மிகச் சிறிய கியர், முன்னால் 34 பல், பின்னால் 34 பல். மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுச் சுற்றும், சுமார் 2.1 மீட்டர் முன்னேறும். இந்தக் கியரில் 6.5 கி.மீ. வேகத்தில் போனால் நிமிடத்துக்கு ஐம்பது சுற்றுதான் மிதிக்க முடியும். முழுப் பாரமும் முழங்காலில் வந்து விழும். அதுவே முன்னால் 30 பல், பின்னால் 40 பல் என்று இருந்தால் அதே வேகத்தில் நிமிடத்துக்கு 68 சுற்று வரும். வேகம் மாறவில்லை, ஆற்றலும் மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் கால் கொடுக்கும் அழுத்தம் நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. காலை ஏழு மணிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மதியம் மூன்று மணிக்கு மூன்றாவது ஏற்றம் தொடங்கும்போது நன்றாகவே தெரியும்.

ஆகவே முன்பல்லைவிடப் பின்பல் பெரிதாக இருக்கும்படி ஒரு கியராவது வேண்டும். பழைய வண்டியில் பின்பல் தொகுதியை மட்டும் மாற்றினாலே பல நேரங்களில் போதும். கியர் மாற்றும் கருவி அந்த அளவுப் பல்லைத் தாங்குமா என்பதை மட்டும் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறிய கியர் வைப்பது பலவீனத்தின் அடையாளம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

டயர் 28 முதல் 32 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். மலைச்சாலையில் மழை அரித்த விளிம்பும் உதிர்ந்த சரளைக் கல்லும் இல்லாத நாளே கிடையாது. மெல்லிய டயரைக் கல்போல இறுகக் காற்றடித்து ஓட்டினால் கை மரத்துப்போகும், வளைவில் பிடிமானமும் குறையும். பிரேக்கைப் பொறுத்தவரை, புதிதாக வாங்குவதாக இருந்தால் டிஸ்க் பிரேக் உள்ளதையே வாங்குங்கள். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கும் கார்பன் ரிம்மும் சேர்ந்த வண்டியில் நீண்ட மலை இறக்கத்தில் இறங்க வேண்டாம். ஏன் என்பது இறக்கத்தைப் பற்றிப் பேசும்போது விளங்கும்.

படி 2: இருக்கையைச் சரிசெய்யுங்கள்

ஒரு மணி நேரப் பயணத்தில் சிறு உறுத்தலாக இருப்பது எட்டு மணி நேரப் பயணத்தில் காயமாகிவிடும். சுவரைப் பிடித்துக்கொண்டு வண்டியில் உட்காருங்கள். மிதி அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியை மிதியில் வைத்தால் முழங்கால் தானாகவே சற்று மடங்கும். இதை ஆரம்ப அளவாக வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் இரண்டிரண்டு மில்லிமீட்டராக மாற்றுங்கள். முழங்காலின் முன்புறம் வலித்தால் இருக்கை தாழ்வாக இருக்கலாம், அல்லது பெரிய கியரில் மிதிக்கிறீர்கள். பின்புறம் வலித்தால் இருக்கை உயரமாக இருக்கலாம். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால் உள்ளங்கையில் ஓடும் நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். கை வைக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள், ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்துங்கள்.

பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை போடக் கூடாது. தையல் உரசும் இடத்தில்தான் புண் தொடங்கும். வீட்டுக்கு வந்தவுடன் ஈரக் கால்சட்டையைக் கழற்றிவிட்டுக் குளித்துவிடுங்கள்.

படி 3: வாரம் முழுவதும் பயிற்சி

நெடுந்தூர ஓட்டம் விடுமுறை நாளில் மட்டும் நடப்பதாகத் தோன்றும். உண்மையில் அது செவ்வாய்க்கிழமை காலையில் உருவாகிறது. வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் ஓட்டினால் போதும். அதில் பெரும்பகுதி, பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் இருக்க வேண்டும். பேச்சு துண்டுதுண்டாக வந்தால் வேகம் அதிகம். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் ஏற்றத்தில் சற்றுக் கடினமாக மிதியுங்கள்: எட்டு அல்லது பத்து நிமிடம் அழுத்தமாக, பிறகு அதே அளவு ஓய்வு, இப்படி மூன்று முறை. அதற்கு மறுநாள் ஓய்வு.

நீண்ட பயணத்தின் தூரத்தை வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறையுங்கள். மலையில் தூரத்தைவிட ஏறிய உயரத்தையே கணக்கில் வைக்க வேண்டும். 60 கி.மீ. என்று மட்டும் சொன்னால் ஒன்றும் புரியாது. 60 கி.மீ. தூரத்தில் 1,500 மீட்டர் ஏற்றம் என்றால் அது முழு நாள் வேலை.

உங்கள் ஏறும் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். தெரிந்த ஏற்றம் ஒன்றில் நிதானமாக ஏறி, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மீட்டர் உயரம் என்று கணக்கிடுங்கள். புதியவர்களுக்கு 400 முதல் 600 மீட்டர் வரை வரலாம். இந்த ஒரே எண் கையில் இருந்தால் எந்த வழித்தடத்தையும் பார்த்த மாத்திரத்தில் எத்தனை மணிக்கு உச்சியில் இருப்பீர்கள் என்று சொல்லிவிட முடியும். செயலிகளில் மற்றவர்கள் ஏறிய நேரத்தைப் பார்த்து உங்கள் திட்டத்தை வகுக்காதீர்கள். அவர்கள் எடை வேறு, கியர் வேறு. அன்றைக்கு அவர்கள் அந்த ஒரு ஏற்றத்தை மட்டுமே ஏறியிருக்கவும் கூடும்.

மலைக்காரர்கள் பலர் வார நாள்களில் வேலைக்கே சைக்கிளில் போய் வருகிறார்கள். இதைவிட நல்ல பயிற்சி எதுவும் இல்லை. மழை, காற்று, அதிகாலைக் குளிர், மங்கிய மாலை எல்லாம் பழகிவிடுகின்றன. பையில் சுமையோடு ஏறவும் பழகிவிடுகிறது.

படி 4: முந்தைய நாள் மாலை

காலையில் தேடுவது எதுவாக இருந்தாலும் அதை மறந்துவிட்டுப் போக வாய்ப்பு உண்டு. எல்லாவற்றையும் மாலையிலேயே ஓரிடத்தில் எடுத்து வையுங்கள்.

முதலில் வழித்தடத்தின் உயர வரைபடத்தைப் பாருங்கள். சராசரிச் சரிவை நம்பாதீர்கள். 6 சதவீதச் சராசரி என்ற ஏற்றத்துக்குள் இரண்டு கிலோமீட்டர் இறக்கமும் அதை ஈடுகட்ட 11 சதவீதச் செங்குத்தும் ஒளிந்திருக்கும். செங்குத்தான பகுதி எங்கே தொடங்குகிறது, தண்ணீர் எங்கே கிடைக்கும், பாதியில் திரும்ப வேண்டுமானால் எந்த இடத்தில் திரும்பலாம் என்ற மூன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். குளிரில் கைப்பேசியின் பேட்டரி வேகமாக இறங்கும். பள்ளத்தாக்கில் சிக்னல் இருக்காது. காகிதம் கைவிடாது.

வானிலையை உச்சிக்கும் சேர்த்துப் பாருங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் 22 டிகிரி இருந்தால் 1,500 மீட்டர் மேலே 12 டிகிரிதான் இருக்கும். காற்றும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் குளிரும். கோடையில் மலைகளில் பெரும்பாலும் பிற்பகலில்தான் இடிமழை திரளும். விடிவதற்குள் கிளம்பி, மிக உயரமான பகுதியை நண்பகலுக்கு முன் கடந்துவிடும்படி திட்டமிடுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: இரண்டு டியூப், ஒட்டுத்துண்டுகள், டயர் நெம்பு, பம்பு, செயின் கழற்றும் முனை உள்ள மடக்குக் கருவி, செயினை இணைக்கும் விரைவு இணைப்பு ஒன்று, ஒரு ஜோடி பிரேக் பேட், சில பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகள், கொஞ்சம் டேப். வண்டி சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது பின்கியரைத் தாங்கும் சிறு உலோகத் துண்டு. அது வண்டிக்கு வண்டி வேறுபடும். உங்கள் வண்டிக்குப் பொருந்துவதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இவற்றோடு முன்விளக்கு, பின்விளக்கு, காற்றுத்தடுப்பு மேலாடை, முழுவிரல் கையுறை. பகலில் திரும்பிவிடுவோம் என்று உறுதியாகத் தெரிந்தாலும் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்கப் பாதையும் பனிமூட்டமும் நேரம் பார்த்து வருவதில்லை.

எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் தேட வேண்டும் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இதைத் தவிர்ப்பதற்கு எந்தக் காரணமும் ஏற்கத்தக்கதல்ல.

படி 5: ஏற்றம்

முதல் இருபது நிமிடம் உங்களுக்கே எரிச்சல் வரும் அளவுக்கு மெதுவாக ஏறுங்கள். உடல் சூடேற நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் யாராவது முந்திப் போவார்கள். போகட்டும்.

மூச்சுதான் உங்கள் அளவுகோல். இதயத்துடிப்பு காட்டும் கருவி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. வாயை மூடி மூக்கால் மட்டும் சில மூச்சு எடுத்துப் பாருங்கள். சிரமமில்லாமல் எடுக்க முடிந்தால் நாள் முழுக்கத் தாங்கும் வேகத்தில் இருக்கிறீர்கள். சரிவு கூடும்போது வேகத்தைத் தக்கவைக்க முயலாதீர்கள். உழைப்பைத் தக்கவையுங்கள், வேகம் குறையட்டும். கியரைச் சரிவு தொடங்குவதற்குச் சற்று முன்பே மாற்றிவிட வேண்டும். கால் முழு பலத்தோடு அழுத்தும்போது மாற்றினால் செயின் கடகடவென்று இழுபடும், சில நேரம் அறுந்தும் போகும்.

கொண்டை ஊசி வளைவில் உள்பக்கம் மிகச் செங்குத்தாக இருக்கும், வெளிப்பக்கம் சற்றுத் தணிவாக இருக்கும். எதிரே வண்டி வரவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தால் மட்டும், உங்கள் தடத்துக்குள்ளேயே வெளிப்பக்கமாகச் சுற்றிப் போங்கள். லாரியோ பஸ்ஸோ வளைவில் திரும்பும்போது அதன் பின்சக்கரம் உள்பக்கத்தை வெட்டிக்கொண்டு வரும். அந்த இடைவெளியில் நுழையவே கூடாது, நின்று வழிவிடுங்கள்.

பெரும்பாலும் உட்கார்ந்தே ஏறுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு கியர் கூட்டி, எழுந்து நின்று இருபது முப்பது மிதி மிதித்தால் முதுகுக்கும் இருக்கைப் பகுதிக்கும் ஓய்வு கிடைக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கமே வேண்டாம். 14 சதவீதச் சரிவில் தள்ளி நடப்பதும் மிதிப்பதும் வேகத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். நடந்தால் கால் தசைகளுக்கு மாறுதலாவது கிடைக்கும்.

2,500 மீட்டருக்கு மேலே போனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்குதான். அதே உழைப்புக்கு மூச்சு அதிகம் வாங்கும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் ஏறுவதை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கிவிட வேண்டும். பல நாள் பயணமாக இருந்தால், 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம். வெயிலையும் கவனியுங்கள்: ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடுகிறது. குளிராக இருப்பதால் தோல் எரிவது மாலையில்தான் தெரியும்.

படி 6: பசிக்கு முன் சாப்பிடுங்கள்

உடலில் தசையும் ஈரலும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து 400 முதல் 500 கிராம். அது தரும் ஆற்றல் அதிகபட்சம் 2,000 கலோரி. முன்னே சொன்ன 130 வாட்டில் ஒரு மணி நேரம் மிதித்தால் உடல் எரிப்பது ஏறக்குறைய 450 கலோரி. கொழுப்பும் ஒரு பங்கு எரிகிறது என்றாலும், எதுவும் சாப்பிடாமல் ஓட்டினால் சில மணி நேரத்தில் கையிருப்பு தீர்ந்துபோகும். அப்படித் தீரும்போது மெல்ல மெல்லத் தெரிவதில்லை. கை நடுங்கும், காரணமில்லாமல் கோபமோ அழுகையோ வரும், கால் சட்டென்று விட்டுப்போகும். அதன் பிறகு சாப்பிட்டாலும் மீண்டெழ வெகுநேரம் ஆகும்.

எனவே கிளம்பிய அரை மணி நேரத்திலேயே தொடங்குங்கள். மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. பேரீச்சை, உப்புப் போட்ட வேகவைத்த உருளைக்கிழங்கு, ரொட்டி எல்லாமே நல்லவை. இனிப்பை மட்டுமே நம்பினால் ஐந்தாவது மணியில் வாய் அதை வெறுத்துவிடும். உப்பானது ஏதாவது இருக்க வேண்டும். ஏற்றம் தணிந்த இடத்தில் சாப்பிடுங்கள், செங்குத்தில் மெல்லும்போது மூச்சு தடுமாறும். கடிகாரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடிக்கும்படி வைத்துக்கொள்வது புதியவர்களுக்கு மிகவும் உதவும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை. வெயிலைப் பொறுத்துக் கூடும், குறையும். குளிர் மலையில் தாகம் தெரியாமலே உடல் வறண்டுவிடும். அதற்காக வெறும் தண்ணீரை மணிக்கணக்கில் அளவின்றிக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்க் குழப்பம், வாந்தி, மயக்கம் வரை கொண்டுபோகும். நீண்ட நாளில் பாட்டில்களில் ஒன்றிலாவது உப்புக் கலந்த பானம் இருக்கட்டும்.

படி 7: உச்சியில் ஐந்து நிமிடம்

உச்சியில் பெரும்பாலானோர் படம் எடுக்கிறார்கள், சிரிக்கிறார்கள், அப்படியே இறங்கிவிடுகிறார்கள். இந்த ஐந்து நிமிடத்தை ஒழுங்காகச் செலவிட்டால் அடுத்த ஒரு மணி நேரம் காப்பாற்றப்படும். ஏறும்போது சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். இறக்கத்தில் மிதிப்பது இல்லை. உடல் சூட்டை உண்டாக்குவதும் இல்லை. காற்றின் வெப்பம் 5 டிகிரியாக இருக்கும்போது மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இறங்கினால் தோலுக்கு அது பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே இருப்பதுபோல உறைக்கும். விறைத்த விரல் பிரேக்கைச் சரியாகப் பிடிக்காது. குளிரின் உண்மையான ஆபத்து அதுதான்.

நின்றவுடன், உடல் சூடாக இருக்கும்போதே, மேலாடையைப் போட்டுக் கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிடுங்கள். கையுறை மாட்டுங்கள். மேலாடை இல்லாத அவசரத்தில் பழைய சைக்கிள்காரர்கள் சட்டைக்குள் மார்புப் பக்கமாகச் செய்தித்தாளை மடித்துச் செருகிக்கொள்வார்கள். இன்றைக்கும் அது நன்றாக வேலை செய்கிறது. பிறகு இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். சக்கரத்தின் இணைப்பு இறுக்கமாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது விநாடிக்குக் குறைவாக இருந்தால் உச்சியில் நிற்கவே கூடாது. உடனே இறங்கிக் கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். தனி மரத்தடி பாதுகாப்பானதல்ல.

படி 8: இறக்கம்

ஏறத் தெரியாதவர் களைத்துப்போவார், அவ்வளவுதான். இறங்கத் தெரியாதவருக்கு அடிபடும். ஆனாலும் பயிற்சியின் பெரும்பகுதியை எல்லோரும் ஏற்றத்துக்கே கொடுக்கிறார்கள். புதியவர்கள் முதல் சில மாதங்கள் ஒரே இறக்கத்தில், அதுவும் நன்கு தெரிந்த இறக்கத்தில், திரும்பத் திரும்பப் பழகுவது நல்லது.

பிரேக்குக்கு என்ன நேர்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். 85 கிலோ எடை 800 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், குழாயில் பிடித்த இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. வேகமாக இறங்கினால் இதில் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்கிறது. பயந்து பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே மெதுவாக இறங்கினால் ஏறக்குறைய முழுவதும் பிரேக்கில் சூடாக இறங்குகிறது. ரிம் பிரேக்கில் அந்தச் சூடு ரிம்முக்குள் இருக்கும் டியூபை வெடிக்கச் செய்யலாம்; கார்பன் ரிம்மின் பசையை இளக்கிவிடலாம். டிஸ்க்கில் பிடிமானம் மங்கும், எண்ணெய் கொதித்தால் நெம்புகோல் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொள்ளும். எனவே பிரேக்கை இழுத்துக்கொண்டே வராதீர்கள். சில விநாடி உறுதியாகப் பிடியுங்கள், வேகத்தை நன்றாகக் குறையுங்கள், முழுவதுமாக விடுங்கள். விடும் இடைவெளியில்தான் அது ஆறுகிறது. நேரான பகுதியில் நிமிர்ந்து உட்கார்ந்து மார்பைக் காற்றுக்குக் கொடுத்தால் அதுவும் ஒரு பிரேக்தான், சூடாகவே ஆகாத பிரேக். எரிந்த வாடையோ, அழுத்தும்போது தளர்வோ தெரிந்தால் நின்று பத்து நிமிடம் ஆறவிடுங்கள். டிஸ்க்கைக் கையால் தொடாதீர்கள்.

இனி ஒரு கொண்டை ஊசி வளைவு. கைகள் ஹேண்டில்பாரின் கீழ்வளைவில் இருக்கட்டும், இரண்டு விரல் பிரேக்கின் மேல். வளைவுக்கு முன் சாலை நேராக இருக்கும் இடத்திலேயே வேகத்தைக் குறைத்து முடித்துவிட வேண்டும். நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன்பிரேக்குடையது. ஆனால் உடலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, இரண்டையும் படிப்படியாக அழுத்துங்கள். திரும்பத் தொடங்கும்போது வெளிப்பக்க மிதி அடியில் இருக்க வேண்டும், உடல் எடையை அந்தக் காலில் இறக்குங்கள். உள்பக்க மிதி கீழே இருந்தால் சாலையில் தட்டிவிடும். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது. வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். தாடையை அந்தப் பக்கம் திருப்புங்கள். கண் போகும் இடத்துக்குத்தான் வண்டி போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கே போகும். தோளையும் முழங்கையையும் தளர்வாக வைத்து, சாய்ந்தபடியே வெளியே வாருங்கள். சாய்ந்திருக்கும்போது முன்பிரேக்கைத் திடீரென்று பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும். வேகம் அதிகமென்று பாதியில் தோன்றினால், பின்பிரேக்கை மட்டும் மெதுவாகத் தொடுங்கள்.

கண்ணுக்குத் தெரியும் சாலைத் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். வேகம் இரட்டிப்பானால் நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். ஈரச் சாலையில் வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, உதிர்ந்த இலை மூன்றும் வழுக்கும். அவற்றின் மேல் போக நேர்ந்தால் வண்டியை நிமிர்த்திக்கொண்டு, பிரேக்கைத் தொடாமல் கடந்துவிடுங்கள். வெயிலிலிருந்து மர நிழலுக்குள் நுழையும்போது ஒரு நொடி கண் தெரியாது. அங்கேதான் குழியோ படுத்திருக்கும் மாடோ இருக்கும்.

படி 9: இரவையும் நெடுந்தூரத்தையும் பழகுதல்

ஆறேழு மணி நேரப் பயணம் பழகிவிட்டால் பிரெவே எனப்படும் நேரக்கெடுப் பயணங்களில் கலந்துகொள்ளலாம். பிரான்சில் 1904-ல் தொடங்கப்பட்ட ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் இவற்றின் விதிமுறைகளைப் பேணிவருகிறது. 200 கி.மீ. தூரத்துக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. 1891-ல் பந்தயமாகத் தொடங்கி இப்போது நான்கு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பயணத்தில் 1,200 கி.மீ. தூரத்துக்கு 90 மணி நேரம். இவற்றில் யாருக்கும் முதல் பரிசு கிடையாது. கெடுவுக்குள் முடித்தவர் எல்லோரும் சமம். புதியவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளி இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

நின்று சாப்பிடுவது, பஞ்சர் ஒட்டுவது, தூங்குவது எல்லாம் அந்தக் கெடுவுக்குள் அடங்கும். ஆகவே வேகத்தைக் கூட்டுவதைவிட வீணாக நிற்பதைக் குறைப்பது எளிது. ஓரிடத்தில் நின்றால் தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை மூன்றையும் முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரவில் முன்விளக்கு சாலையைப் பார்த்திருக்க வேண்டும், எதிரே வருபவர் கண்ணை அல்ல. பகலில் பழகிய இறக்கமாக இருந்தாலும் இரவில் வேறு வேகம். கண் சொக்கினால் பாட்டுப் பாடியோ முகம் கழுவியோ சமாளிக்கப் பார்க்காதீர்கள். பாதுகாப்பான இடத்தில் மேலாடையைப் போர்த்திக்கொண்டு இருபது நிமிடம் தூங்குங்கள். அந்த நிலையில் இறக்கத்தைத் தொடங்கவே கூடாது.

படி 10: திரும்பி வந்த பிறகு

வீட்டுக்கு வந்ததும் படுக்கத்தான் தோன்றும். அதற்குமுன் வண்டிக்குப் பதினைந்து நிமிடம் கொடுங்கள். மழையில் நனைந்த செயினை அப்படியே விட்டால் மறுநாளே துரு பூக்கும். பழைய துணியைச் செயினைச் சுற்றிப் பிடித்து, மிதியைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். துணியில் கறுப்பு வருவது குறையும்வரை இடம் மாற்றி மாற்றித் துடையுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணியின் உருளைமேலும் ஒரு சொட்டு எண்ணெய். எண்ணெய் உள்ளே இறங்கச் சற்று நேரம் விட்டு, வெளியே இருப்பதைத் துடைத்துவிடுங்கள். வெளியே தங்கும் எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு செயினைத் தேய்க்கும்.

மாதத்துக்கு ஒரு முறை செயினை அளந்து பாருங்கள். புதிய செயினில் 24 முள் இடைவெளி 304.8 மில்லிமீட்டர் இருக்கும். ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. தள்ளிப்போட்டால் பல்சக்கரங்களும் தேய்ந்து, செலவு பல மடங்காகும். மலையில் ஒரே மழை நாளில் பிரேக் பேட் பாதி தேய்ந்துபோகவும் கூடும். தேயும் பொருள் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் அடுத்த பயணத்துக்கு முன் மாற்றுங்கள். டயரை மெல்லச் சுற்றி, குத்தி நிற்கும் கண்ணாடித் துகளையும் முள்ளையும் எடுத்துவிடுங்கள்.

உடலுக்கு: வந்த ஒரு மணி நேரத்துக்குள் மாவுச்சத்தும் புரதமும் உள்ள சாப்பாடு, இரவில் முழுத் தூக்கம். மறுநாள் காலையில் படியேறும்போது கால் கனத்தால் அன்றைக்கு ஓட்ட வேண்டாம், நடந்தால் போதும்.

கடைசியாக ஒரு சிறு நோட்டில் நான்கு வரி எழுதிவையுங்கள். மணிக்கு எத்தனை மீட்டர் ஏறினீர்கள், சாப்பாட்டில் எது மிஞ்சியது, எந்த இடத்தில் குளிர்ந்தது, எந்தக் கருவியைத் தேடினீர்கள். அடுத்த முறை முந்தைய நாள் மாலையில் பை அடுக்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அடுக்குங்கள்.